யாழ்ப்பாணத்தில் வீடு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் காணி வாங்குபவர்களுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் ஓர் அனெக்ஸ், கோண்டாவிலில் அம்மாவின் சீதன வீடு. இரண்டையும் பதினைந்து வருடமாக வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். அதனால் ஊரில் யாருக்கு வாடகைச் சிக்கல் வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் இரவில் போன் எடுத்தும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டம் வரும் இடங்களில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கையெழுத்து வைக்கும் முன் நீங்களும் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குக் கொடுப்பதா, அப்படியே விடுவதா?

கொடுங்கள். பூட்டிய வீடு மனிதர் இருக்கும் வீட்டைவிட வேகமாக அழியும். எங்கள் கோண்டாவில் வீடு ஒன்றரை வருடம் ஆளில்லாமல் கிடந்தது. பழைய ஓட்டு வீடு, பனஞ்சிலாகை. மாரியில் இரண்டு ஓடு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கி வளை உக்கி, நடு அறையின் சுவரில் கறையான் புற்று நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. கதவைத் திறந்தபோது நிலையின் அடிப்பக்கம் கையோடு வந்தது. யாராவது குடியிருந்திருந்தால் முதல் மழையிலேயே ஒழுக்கு தெரிந்திருக்கும், ஒரு மேசன் அரை நாளில் முடித்திருப்பார்.

இன்னொன்று நுளம்பு. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றாலும், கூரைத் தொட்டி மூடியில்லாமல் கிடந்தாலும் பொறுப்பு உரிமையாளருடையது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். நீங்கள் டொரொண்டோவில் இருந்தாலும் வளவு உங்களுடையதுதான். கொடுக்க விருப்பமில்லை என்றால், மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அன்புக்காகப் பார்ப்பவர் இரண்டு மாதம் பார்ப்பார், அப்புறம் அவருக்கும் வேலை இருக்கும்.

தெரிந்த ஆள்தான். ஒப்பந்தம் எழுதத்தான் வேண்டுமா?

தெரிந்த ஆள் என்றால் கட்டாயம் எழுதுங்கள். தெரியாத ஆளோடு சண்டை வந்தால் வாடகை மட்டும்தான் போகும். தெரிந்த ஆளோடு வந்தால் உறவும் போகும்.

ஆனால் எப்படி எழுதுவது என்பதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம், நானும் தவறினேன். கடையில் வாங்கிய தாளில் ‘இரண்டு வருடத்துக்கு’ என்று எழுதி, இரண்டு சாட்சியும் வைத்து, முத்திரையும் ஒட்டி வாங்கிவிட்டேன். பிறகு பிரச்சினை வந்து சட்டத்தரணியிடம் கொண்டுபோனபோது அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் (உறுதி எழுத உரிமை பெற்ற சட்டத்தரணி) முன் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அந்த ‘இரண்டு வருடம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பலமில்லை. குடியிருப்பவர் மாதாந்த வாடகைக்காரராகத்தான் கணக்கு. நீங்கள் இரண்டு வருடத்துக்கு அவரைக் கட்டிவைக்கவும் முடியாது, இரண்டு வருடம் முடிந்தது எழும்பு என்று அந்தத் தாளைக் காட்டிச் சொல்லவும் முடியாது.

ஆகவே ஒரு வருடமோ இரண்டு வருடமோ கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் போங்கள், எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். செலவு இருக்கிறது, ஆனால் பின்னால் வரும் வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென்று 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழக்குமுறையைக் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கும் ஒழுங்காக எழுதிய குத்தகை உறுதி (பத்திரம்) கையில் இருக்க வேண்டும்.

மாநகர சபை எல்லைக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் சில குடியிருப்புகளில் வாடகைக்காரருக்கு மிகப் பலமான பாதுகாப்பைக் கொடுக்கிறது. உங்கள் வீடு அதற்குள் வருமா வராதா என்பதை ஆளை வைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதுவது?

வாடகை, முற்பணம், காலம், எந்தத் தேதிக்குள் கட்டுவது, எத்தனை மாத அறிவித்தல். இவற்றை நொத்தாரிசே கேட்டு எழுதிவிடுவார். அவர் கேட்காத விஷயங்களில்தான் பிறகு வாய்த்தர்க்கம் வரும்.

எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். வாடகைக்காரர் இன்னொருவருக்கு மேல்வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதுங்கள். வளவில் இருக்கும் மா, பலா, தென்னையின் காய் யாருக்கு? இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கறுத்தக்கொழும்பான் மா காய்க்கும் வருடத்தில் பாருங்கள், வாடகையைவிட அந்த மரத்தைப் பற்றித்தான் கதை நடக்கும். எங்கள் வீட்டில் மரத்தில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு என்று எழுதியிருக்கிறோம். இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்லை.

மோட்டர் பழுதானால் யார் செலவு? நான் எழுதுவது இப்படி: தேய்மானத்தால் வரும் பழுது உரிமையாளருக்கு, கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது ஓடவிட்டுக் கருக்கினால் வாடகைக்காரருக்கு. மலக்குழி நிரம்பினால் எடுப்பிக்கும் செலவு, சுவரில் ஆணி அடிப்பது, நாய் வளர்ப்பது எல்லாவற்றையும் முதலே கதைத்துவிடுங்கள். கதைத்ததை எழுதிவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் படம் எடுங்கள். அறைகளை மட்டும் எடுத்தால் போதாது. குசினிச் சிங்கின் அடி, குளியலறைப் பைப், யன்னல் கொளுக்கிகள், மீட்டர் வாசிப்பு, கிணற்றுக் கப்பி வரைக்கும் எடுத்து அவருக்கும் அதே படங்களை அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரின் போனிலும் ஒரே படம் இருந்தால் பிறகு வாதத்துக்கே இடமில்லை.

முற்பணம் எவ்வளவு வாங்கலாம்? வாடகையை எப்படிக் கூட்டுவது?

குடும்பத்துக்குக் கொடுக்கும்போது நான் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதில்லை. ஒரு வருட வாடகையை முன்னுக்கு வாங்கிச் செலவழித்துவிட்டு, ஆள் எழும்பும்போது திருப்பிக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு உங்களுடையது இல்லை. தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

கூட்டுவதை முதல் நாளே எழுதுங்கள், ஒவ்வொரு வருடமும் இத்தனை சதவீதம் என்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு முந்தின வருடம் வாடகையை மாற்றாமல் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அந்த நேரத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாடகை கையில் வந்தது, அதைக் கொண்டு ஒரு பெயின்ட் வாளி வாங்க முடியவில்லை. நீண்ட காலத்துக்குக் கொடுக்காதீர்கள், ஒரு வருடம் போதும், நல்ல ஆளென்றால் திரும்ப எழுதலாம்.

அதேநேரம், நல்ல வாடகைக்காரரை மாதம் ஆயிரம் ரூபாவுக்காக எழுப்பிவிடாதீர்கள். ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் நீங்கள் கூட்டிக் கேட்ட பன்னிரண்டு ஆயிரமும் அதோடு போய்விடும்.

எப்படிப்பட்டவருக்குக் கொடுப்பது?

வேலை என்ன, மாதம் எவ்வளவு வருகிறது, முன்பு எங்கே இருந்தார், ஏன் எழும்பினார். இந்த நான்கையும் கேளுங்கள். பழைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசுங்கள். அடையாள அட்டைப் பிரதி வாங்குங்கள்.

ஆனால் நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி இவற்றில் ஒன்றுமில்லை. ‘தம்பி எந்த ஊர்? அங்கே எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?’ இதை எதற்குக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியைக் கேட்கத்தான். ஒரு வைத்தியசாலைத் தாதி, கையில் இரண்டு மாதக் குழந்தை, ஒரே ஒழுங்கையில் ஐந்து வீடு ஏறி இறங்கியும் வீடு கிடைக்காமல் எங்கள் படலையில் வந்து நின்றார். நான்கு வருடம் இருந்தார். ஒரு மாதமும் வாடகை பிந்தவில்லை. போகும்போது வீடு நாங்கள் கொடுத்ததைவிடத் துப்பரவாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அது தப்பு. மதமும் மொழியும் அப்படித்தான்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்தால் நல்ல வருமானம் என்கிறார்களே?

உண்மைதான். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இராமநாதன் வீதி, ஆடியபாதம் வீதி, பலாலி வீதிப் பக்கங்களில் அறை காலியாக இருப்பது குறைவு. கொக்குவில், கோண்டாவில் வரைக்கும் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டைக் குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட அறையறையாகக் கொடுத்தால் கூடவே வரும்.

செலவும் கூடவே வரும். ஆறு பேருக்கு ஒரு கழிவறை என்றால் காலை ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நான்கு பேருக்கு ஒன்றாவது வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு பிளக் வையுங்கள், இல்லையென்றால் ஒரே பிளக்கிலிருந்து வயர் இழுத்து நான்கு போன், ஒரு கேத்தில், ஓர் அயன் எல்லாம் ஓடும். எங்கள் அனெக்ஸில் அப்படி ஒரு நாள் பிளக் உருகி மெத்தையின் ஓரம் கருகியது. பிள்ளை படித்துக்கொண்டிருந்ததால் தப்பினோம். அன்றைக்கே வயரிங்காரரைக் கூப்பிட்டு ட்ரிப் சுவிட்ச் வரைக்கும் மாற்றினேன். அறையில் சமைக்க வேண்டாம் என்று சட்டம் போடுவதைவிடப் பின்விறாந்தையில் ஒரு சின்னக் குசினி கட்டிக் கொடுப்பது நல்லது. எப்படியும் சமைப்பார்கள்.

மின்கட்டணம் இன்னொரு பொறி. வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். உங்கள் வீடும் அறைகளும் ஒரே மீட்டரில் ஓடினால், இரண்டு பக்கமும் சிக்கனமாகப் பாவித்தாலும் சேர்த்துப் பார்க்கும்போது மேல்படிக்குப் போய்விடும். தனி இணைப்பு எடுங்கள். முடியாவிட்டால் உள்மீட்டர் போட்டு மாதக் கடைசியில் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே வாசியுங்கள். பில்லைக் காட்டிக் காசு வாங்குங்கள். பில்லில் ஒரு ரூபாவும் இலாபம் வைக்க வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் மகாபொல உதவித்தொகைக் காசில் மாதம் தள்ளுபவர்கள்.

கிணற்றுத் தண்ணீர் நல்லதுதானே? நாங்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிறோம்.

நீங்கள் பிறந்தபோது பக்கத்து வளவில் எத்தனை மலக்குழி இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது? அதுதான் வித்தியாசம்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மேலே ஊற்றுவது சீக்கிரமே கீழே போய்விடும். நமக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை, மாரி மழை இறங்கித் தேங்கும் அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் அள்ளுகிறோம். தோட்டப் பக்கங்களில் உரமும், ஊர்மனைகளில் மலக்குழியும் சேர்ந்து தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிந்துதான் வரும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது உண்மையான ஆபத்து.

ஆகவே கொடுப்பதற்கு முன் தண்ணீரைச் சோதிப்பியுங்கள். முடிவை வாடகைக்காரருக்குக் காட்டுங்கள். குடிக்க முடியாதென்றால் அப்படியே சொல்லுங்கள். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் திட்டம் வந்திருக்கிறது, உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். புதிதாக அறை கட்டும்போது கழிவறையைக் கிணற்றிலிருந்து வளவு விடும் அளவுக்குத் தள்ளிக் கட்டுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கிணறும் இருக்கிறது.

வாடகை தரவில்லை. கரண்டை வெட்டிவிட்டால் தானாக எழும்பிப் போய்விடுவார் அல்லவா?

செய்யாதீர்கள். பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயமுறுத்துவது ஒன்றும் வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. ஊரில் ‘66 வழக்கு’ என்பார்கள். வழக்குக்கு முந்தின இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்ப உள்ளே விடலாம். உறுதி உங்கள் பெயரில் இருந்தும் நீங்கள் குற்றவாளிபோல நிற்க வேண்டிவரும்.

முதல் மாதம் பிந்தும்போதே போய்க் கதையுங்கள். பெரும்பாலும் வேலை போயிருக்கும், வீட்டில் வருத்தம் வந்திருக்கும். தவணை போட்டு எழுதி வாங்கலாம். இரண்டாம் மாதமும் இல்லையென்றால் சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்புங்கள். இணக்க சபையில் முடிந்தால் மிகவும் நல்லது. அங்கே முடியாதபோதுதான் வழக்கு. பிந்திப்பிந்தி ஒரு வருட நிலுவை சேரும் வரைக்கும் ‘பாவம்’ என்று விட்டுவிட்டுப் பிறகு கொதிப்பதுதான் நம் வழக்கம். அந்த ஒரு வருடக் காசு பெரும்பாலும் திரும்பி வராது.

பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடுமாமே?

இந்தப் பயத்தில்தான் பலர் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்சியுரிமை என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் வருவது. பத்து வருடம் இடையறாமல் இருந்தால் மட்டும் போதாது. உரிமையாளருக்கு எதிராக, வாடகையோ வேறெந்த விதமான ஒப்புதலோ கொடுக்காமல், தன்னுடையது என்று இருந்திருக்க வேண்டும். வாடகை கட்டிக்கொண்டு இருப்பவர் உங்கள் உரிமையை ஒவ்வொரு மாதமும் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார்.

அதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து ரூபாய் வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், அடிக்கட்டையை வைத்திருங்கள். என் அப்பாவின் அடிக்கட்டைப் புத்தகங்கள் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இன்னும் இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் எவ்வளவோ விட்டுவிட்டு வந்தோம், அந்தப் பெட்டியை அம்மா விடவில்லை. ஆபத்து உண்மையில் எங்கே இருக்கிறது என்றால், ‘சும்மா இருக்கட்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று வாடகையில்லாமல், எழுத்தில்லாமல் விட்ட வீடுகளில். அப்படி விட்டிருந்தால் இன்றைக்கே அனுமதியோடு இருக்கிறார் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

போரால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கி, வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போடுவதற்கு நேரமில்லை.

சோலைவரி, வருமான வரி?

சோலைவரியை (உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வீட்டு வரி) ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும். பற்றுச்சீட்டை உறுதியோடு சேர்த்து வையுங்கள், ஒரு நாள் அதுவும் சாட்சியாக நிற்கும்.

வாடகை வருமானம் வருமான வரிக்கு உட்பட்டது. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரைக்கும் விலக்கு உண்டு. இது சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்துத்தான். திருத்தச் செலவுகளுக்காக வாடகையில் 25 சதவீதத்தைக் கழிக்கவும் இடமிருக்கிறது. அறைகளை மட்டும் வைத்திருக்கும் பலர் விலக்குக்குள்ளேயே வருவார்கள். சம்பளமும் இருப்பவர்கள் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

கையில் கொஞ்சக் காசு இருக்கிறது. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கினால் என்ன?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு 2 கோடி ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 40,000. வருடத்துக்கு 480,000. ஒரு மாதம் சும்மா கிடக்கும், 40,000 கழியுங்கள். வரி, பெயின்ட், மோட்டர், ஓடு என்று 60,000 கழியுங்கள். மிச்சம் 380,000. போட்ட காசுக்கு 1.9 சதவீதம். வங்கியில் போட்டிருந்தால் இதைவிடக் கூடவே வந்திருக்கும். கடன் எடுத்து வாங்கினால் வாடகை வட்டிக்கே காணாது.

இங்கே காணி விலையை வாடகை தீர்மானிப்பதில்லை. வெளிநாட்டுக் காசும், பிள்ளைக்குச் சீதனமாக ஊர்மனையில் நாலு பரப்பு வேண்டும் என்ற ஆசையும், கோயிலுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்ற விருப்பமும்தான் தீர்மானிக்கின்றன. காணி விலை ஏறும் என்று நம்பி வாங்குவது வேறு, வாடகைக்காக வாங்குவது வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வாடகைதான் நோக்கம் என்றால், ஏற்கெனவே இருக்கும் வளவுக்குள் கட்டுங்கள். காணிக்குக் காசில்லை. 25 இலட்சத்தில் ஓர் அனெக்ஸ் கட்டி மாதம் 18,000 வந்தால், செலவுகளைக் கழிக்கும் முன் 8 சதவீதத்துக்கு மேல் நிற்கும். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி எடுத்துவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.

காணி வாங்குவதுதான் முடிவு என்றால் உறுதியில் எதைப் பார்ப்பது?

உறுதியில் இருக்கும் பரப்பை நிலத்தில் அளக்காமல் வாங்காதீர்கள். ஒரு பரப்பு 18 குழி, பேர்ச் கணக்கில் 10, சதுர அடியில் 2,722.5. 16 பரப்பு ஓர் ஏக்கர். பழைய உறுதிகளில் எல்லை ‘கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை’ என்றுதான் இருக்கும். கதியால் வேலி ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் நகரும். நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் கீறுவித்த பிறகு கதையுங்கள்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளை நொத்தாரிசு தேடிப் பார்க்க வேண்டும். ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பிறகு பங்கு. ‘முழுக்காணியும் என்னுடையது’ என்று சொல்பவரின் உறுதியில் பாதிப் பங்கு மட்டும் இருக்கும், மீதி கொழும்பில் ஒரு சகோதரிக்கும் லண்டனில் ஒரு மருமகனுக்கும் இருக்கும். கிணற்றில் பங்கு இருக்கிறதா, வழி வாய்க்கால் உரிமை எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். ஒழுங்கையின் அகலத்தை நீங்களே நாடா பிடித்து அளந்து பாருங்கள். மலக்குழி எடுக்கும் பவுசர் உள்ளே வராத ஒழுங்கை என்றால் வாடகைக்கும் சரிவராது.

அடுத்தது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் 1706–07இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் 1806இல் ஏற்றுக்கொண்ட நம் வழக்கச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்பவருக்கு இந்தக் காணி முதுசமா (பரம்பரையாக வந்ததா), சீதனமா, தேடியதேட்டமா (திருமணத்துக்குப் பின் தேடியதா) என்று கேளுங்கள், பதிலைப் பொறுத்து யார் யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது மாறும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். திருமணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அம்மா தன் சொந்தச் சீதன வீட்டுக்கு அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை, வாங்குபவர் அந்தக் கையெழுத்தில்லாமல் காசு கொடுக்கக்கூடாது.

உறுதி முடிக்க முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 50 இலட்சம் ரூபாக் காணிக்கு 199,000 ரூபா. நொத்தாரிசுக் கூலி வேறு. இதை மறந்துவிட்டுக் கைக்காசு முழுவதையும் விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. நல்லூர் போன்ற இடங்களில் சில வீடுகள் நிற்பது கோயில் காணியில். வீடு மட்டும்தான் விற்பவருடையது, நிலம் கோயிலுடையது. கேட்டுத் தெளியுங்கள்.

நான் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டேன். காணி வாங்கலாமா? அப்பாவின் வீட்டை வாடகைக்கு விடலாமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. மாடிக் குடியிருப்பில் நான்காம் தளத்திலோ அதற்கு மேலோ உள்ள வீடு போன்ற சில விலக்குகள் உண்டு. உரித்தாக வரும் காணிக்குத் தடையில்லை. அதனால் அப்பாவின் வீடு உங்களுக்கு உரித்தாக வந்தால் வைத்திருக்கலாம், வாடகைக்கும் விடலாம். தம்பியின் பெயரில் வாங்கி வைப்போம் என்று யோசிக்கிறீர்கள் என்றால், அது தம்பியின் காணி. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் உரிமை வரும். அதை ஏற்க மனமிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இங்கே இருப்பவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கும்போது, வாடகைக்குக் கொடுக்கவும் வாடகை அறவிடவும் வழக்குப் பேசவும் என்று குறிப்பாக எழுதிக் கொடுங்கள். ‘சகலமும் செய்ய’ என்று எழுதினால் விற்கவும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அன்றோடு முடியும். பலர் இதை அறியாமல் வருடக்கணக்காகப் பழைய தத்துவத்தில் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் அறை கொடுக்கலாமா?

25 நாளும் கேள்வி இருக்கும், விலையும் கூட இருக்கும். மாணவர் அறைகளை அதற்காகக் காலி பண்ணச் சொல்வது மட்டும் வேண்டாம். தனியாக ஓர் அறை இருந்தால் கொடுங்கள், வருபவரின் அடையாள அட்டையைப் பதிந்து வையுங்கள். வருடம் முழுவதும் தொழிலாகச் செய்வதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும்.

வாடகைக்காரர் எழும்பும் நாளில் என்ன செய்வது?

அவர் லொறியில் சாமான் ஏற்றும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஒரு நாள் முன்னதாக, பகல் வெளிச்சத்தில், பழைய படங்களைப் போனில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து நடந்து பாருங்கள். சுவரில் அலுமாரி உரசிய கறை, மங்கிய பெயின்ட், தேய்ந்த பைப் வாசர் எல்லாம் குடியிருந்ததன் அடையாளங்கள். அவற்றுக்குக் காசு கழிப்பது நியாயமில்லை. உடைந்த கண்ணாடி, காணாமற்போன கொளுக்கி, கட்டாத மின்பில் இருந்தால் தொகையைச் சொல்லிக் கழியுங்கள். மீட்டரை இரண்டு பேரும் பார்த்து எழுதுங்கள். மிச்ச முற்பணத்தைச் சாவி வாங்கும் அதே நேரத்தில் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் அடிக்கட்டைப் புத்தகத்துக்குள் வையுங்கள்.